பசித்தழை

ரைட்டர் என்றுதான் மலையில் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். காப்பி எஸ்டேட் ஒன்றில் இருபது வருடம் கூலிக்கு வந்தவர்களின் பேர் எழுதுகிற வேலை பார்த்தவர். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. அதே பெயரில் எங்கள் சர்ச்சில் இரண்டு நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள்.

அவரைப் போலச் சுத்தமான ஆணை நான் பார்த்ததில்லை. ஏற்காட்டு மார்கழியிலும் விடியும் முன்னே வெந்நீர் வைத்துக் குளித்துவிடுவார். நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். முழுக்கைச் சட்டை, அதன்மேல் சாம்பல் நிற ஸ்வெட்டர், தோளில் ஒரு ரெக்சின் பை. பைக்குள் ஃபிளாஸ்க், சோப்பு டப்பா, மடித்த துண்டு. எங்கே போனாலும் வீட்டில் கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் குடிப்பார். யாராவது இருமினால் பேச்சை நிறுத்தாமலே முகத்தை மட்டும் மெதுவாக அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதை நான் பண்பு என்று நினைத்திருந்தேன்.

எல்லோரும் அவருக்குக் கண்ணு, சாமி. அறுபது வயது அம்மாவைக்கூட "ஏங்கண்ணு, சாப்புட்டியா?" என்பார். அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்க அந்த நாளில் வேறு ஆளில்லை. எங்களிடம் என்றால், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம். அவருக்கும் இருந்தது. எனக்கும் இருக்கிறது.

என் கணவர் டெம்போ ஓட்டியவர். அவரை அடக்கம் செய்த பிறகுதான் எனக்கும் இருப்பது தெரிந்தது. கீழே சேலத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, ஆயுள் முழுக்க. முதல் மூன்று மாதம் எதைத் தின்றாலும் வெளியே வந்தது. சோறு கொதிக்கிற வாசம் பட்டாலே ஓடிப்போய் வாசலில் குனிந்து நிற்பேன். ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவும்.

எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு சின்ன அமைப்பு மலையில் வேலை செய்துகொண்டிருந்தது. வீடு வீடாகப் போய், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்து நோட்டில் குறிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அதே நோய் உள்ளவள் போனால்தான் கதவைத் திறப்பார்கள் என்று என்னை வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் எல்லோரும் ஒரு கூடத்தில் கூடுவோம். அங்கேதான் ரைட்டரை முதலில் பார்த்தேன். டீயும் பன்னும் கொடுத்தார்கள். நான் பன்னைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததை அவர் கவனித்திருக்கிறார்.

"ஏங்கண்ணு, சோறு எறங்கறதில்லையா?"

"வாசம் பட்டாலே கொமட்டுதுங்க."

"மாத்திரை அப்பிடித்தான் பண்ணும். இதுல ஒரு கோலிகுண்டு அளவு வாயில போட்டுக்க. ஒரு மணி நேரம் களிச்சுச் சோத்துக்கிட்ட ஒக்காரு. அப்பறம் சொல்லு."

இலையில் சுற்றிய கருத்த உருண்டை. வெல்லம், நெய், சுக்கு எல்லாம் போட்டுக் கிண்டியது. இது என்னங்க என்றேன்.

"பசித்தழை" என்றார்.

கஞ்சா என்ற சொல்லை அவர் வாயிலிருந்து ஒருநாளும் நான் கேட்டதில்லை. எனக்கும் தெரியாமல் இல்லை. வெல்லமும் நெய்யும் அந்த வாசத்தை மறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். அன்று ரசம் ஊற்றி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். சட்டியைச் சுரண்டியும் சாப்பிட்டேன். காரணமே இல்லாமல் கொஞ்சநேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறைந்து தூங்கினேன். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் நானும் அவர் மாதிரிதான்.

செம்மநத்தத்தில் முருகேசன் என்று ஒரு விவசாயி இருக்கிறார். அவருக்கு உள்ளங்கால் இரண்டும் நெருப்பில் வைத்ததுபோல எரியும். பழைய மாத்திரை ஒன்று கொடுத்துவிட்டுப் போன எரிச்சல். அவரும் ரைட்டரிடம் தழை வாங்கி, பீடித்தூளைத் தட்டிவிட்டு அதில் அடைத்துச் சாயங்காலம் புகைப்பார். அதோடு மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டார். இன்றும் குழி வெட்டி மரம் நடுகிறார். ஆகவே செடியை நான் பழிக்கவில்லை. செடிக்கு என்ன தெரியும்.

நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் லயனில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், பாக்கியம் என்று ஒருத்தி இருந்தாள். காப்பிப் பழம் பறிக்கிறவள். முப்பது வயதுகூட இல்லை. புருசன் போனபின் அண்ணன் தங்கராசுவின் வீட்டுக்கு வந்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளை வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். முதல் தடவை நான் போனபோது, அண்ணி ஒரு அலுமினியத் தட்டில் சோற்றைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்து, காலால் உள்ளே தள்ளினாள். நான் நிற்பதைப் பார்த்த பிறகும் தள்ளினாள். பழக்கமாகிவிட்டிருந்தது.

பாக்கியம் அந்தத் தட்டைத் தொடவில்லை. சாப்பிட முடியவில்லை, குமட்டுகிறது என்றாள். இரண்டு நாள் கழித்து ரைட்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன்.

அவர் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்து, விறகை ஒதுக்கி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாக்கியத்தின் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவள் ஒரு வாய் பிசைந்து அப்படியே வைத்திருந்த சோறு. அதிலிருந்தே அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"அய்யோ, எச்சிலுங்க!" என்று பதறினாள் அவள்.

"அதுக்கென்ன சாமி? எனக்கில்லாததா உனக்கு இருக்குது? உப்புத்தான் கொஞ்சம் கம்மி" என்றார்.

வாசலில் நின்ற தங்கராசு தலையைக் குனிந்துகொண்டான். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கு அவர் மலையிலிருந்து குதி என்று சொல்லியிருந்தாலும் அவள் குதித்திருப்பாள்.

திரும்பும்போது லயன் முனையில் குழாய் இருந்தது. ரைட்டர் பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பிறகு ஃபிளாஸ்க் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார். விரலை விட்டு நாக்கை வழித்தார். அந்த ஓக்களிப்புச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் பார்ப்பதைக் கண்டு, "இருமறா பாருங்க கண்ணு. டிபியா இருந்தா நமக்கு ஆகாதுல்ல" என்றார். நியாயமான பேச்சு. எங்களைப் போன்ற உடம்புக்கு டிபி வந்தால் ஆபத்துதான். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளியைப் பரிசோதிக்கச் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் குழாயடியில் எனக்கும் தோன்றவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சில நாள் கழித்து நான்தான் அவளைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். அப்போது டிபி இல்லை என்றார்கள். அவளுக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் பாக்கியம் அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டாள்.

"அக்கா, இது தின்னா ஒண்ணும் ஆகாதுங்களா? நீங்க தின்னிருக்கீங்களா?"

"எனக்கு இதுலதான் சோறே எறங்குச்சு" என்றேன்.

மாத்திரையையும் சேர்த்துத்தான் சாப்பிட்டேன் என்று சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. சோற்றோடு தண்ணீரும் குடிப்பேன் என்று யாராவது தனியாகச் சொல்வார்களா?

இரண்டு மாதத்தில் பாக்கியத்தின் கன்னம் உப்பியது. கூந்தலை எண்ணெய் வைத்துப் பின்னினாள். காப்பி பறிக்கத் திரும்பப் போனாள். மேஸ்திரி வேண்டாம் என்று சொல்ல முடியாதபடி மற்ற பெண்களைவிட வேகமாகக் கூடையை நிரப்பினாள். நான் போகும்போதெல்லாம், "நொம்பப் பசிக்குதுங்கக்கா, எங்கண்ணி பயந்துக்கறா" என்று சிரிப்பாள். அண்ணி தட்டைத் தள்ளுவதை நிறுத்தி, கையில் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். மாதாமாதம் என்னோடு பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி வந்து மாத்திரை வாங்கிக்கொள்வாள். வெள்ளை டப்பா குலுங்கிச் சத்தம் போடாதபடி துணியில் இறுக்கிச் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன மாத்திரை என்று கேட்டுவிடாமல் இருக்க.

வீட்டுக்குப் போனால் டப்பாவைத் திறந்து மாத்திரைகளை எண்ண வேண்டும் என்பதுதான் எனக்குக் கொடுத்திருந்த வேலை. பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தே 'ஒழுங்காகச் சாப்பிடுகிறார்' என்று குறித்துவிட்டு வருவேன். எண்ணவில்லை. கணக்குத் தப்பினால் அமைப்பில் விசாரிப்பார்கள், உருண்டை விஷயம் தெரியும், நானும் தின்றது வெளியே வரும், வேலை போகும் என்ற பயமும் உள்ளே இருந்தது.

அந்தக் காலத்தில் ஒருநாள் காலையில் கொட்டச்சேட்டில் இருந்த ரைட்டரின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூட்டத்துக்கான தேதி சொல்லப் போனேன். வாசலில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நோய் உள்ளவர்கள் மட்டுமில்லை. மூட்டுவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள். பலருக்குச் சும்மாவே கொடுத்தார். காசுக்காகச் செய்திருந்தால் எனக்கு அவர் எளிதாகப் புரிந்திருப்பார். ஒவ்வொருவருக்கும் நாடி பிடித்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். எஸ்டேட்டில் மேனேஜர் அறைக்கு வெளியே இருபது வருடம் நின்ற மனிதர். இப்போது அவருக்காக வெளியே நின்றார்கள்.

எட்டு மணிக்கு அவர் கைக்கடிகாரம் கீச்சிட்டது. "ஒரு நிமிசங்க" என்று உள்ளே போனார். கதவு இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. டம்ளரில் வெந்நீர் ஊற்றினார். வெள்ளை டப்பாவிலிருந்து மாத்திரையை உள்ளங்கையில் கொட்டி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, விழுங்கினார். அன்று அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. இவ்வளவு ஒழுங்கான மனிதர் சொல்வதைக் கேட்டால் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தபடி பஸ் ஏறினேன்.

மழை பிடித்த ஒரு மாதத்தில் தங்கராசு போன் செய்தான். பாக்கியத்துக்கு நான்கு நாளாகத் தலைவலி, வாந்தி, ஆளைத் தெரியவில்லை என்றான். நான் போனபோது கழுத்தைத் திருப்ப முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கொட்டகை முழுக்க வாந்தி. அதன்மேல் அந்த உருண்டையின் வாசம். வாந்தி வந்தது என்று அதையே திரும்பத் திரும்பத் தின்றிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவளுடைய மாத்திரை டப்பாவைத் தேடினேன். தகரப்பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருந்தன. ஒன்பது டப்பாக்கள். ஒன்றில்கூட மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்கிற தாள் கிழியவில்லை. தனியாக ஒரு காலி டப்பா. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் தீர்ந்துவிட்டது என்று காட்டியது அந்த ஒரே டப்பாவைத்தான்.

"பாக்கியம், மாத்திரைய ஏன் திங்கல? பாக்கியம்!"

கண்ணைத் திறந்து யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். நடுவில் கொஞ்சம் தெளிவு வந்தது.

"ரைட்டரண்ணந்தான் சொன்னாரு. மாத்திரை ஈரலத் திங்குதாம். தழை போதுமாம். அவரே விட்டுட்டாராமா, மூணு வருசமாச்சாம். பாருங்க, எப்பிடி இருக்கறாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னாரு. எளுதற வேலைல இருக்கறதால வெளிய சொல்ல மாட்டீங்கன்னாரு. அந்தக் காலி டப்பாவையும் அவருதான் குடுத்தாரு."

எஸ்டேட் ஜீப்பில் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் தலை என் மடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. மூளை உறைக்குள் டிபி போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். பதினோராம் நாள் இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு லயனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சவப்பெட்டியைத் தூக்கும்போது மட்டும் எல்லோரும் இரண்டு அடி தள்ளி நின்றார்கள். தங்கராசுவும் பாதிரியாருடன் வந்த ஒருவரும் பிடித்தார்கள். ஆள் போதவில்லை. அப்போது ரைட்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை. "என்ற தங்கச்சிங்க இது" என்று சொல்லிக்கொண்டே தோள் கொடுத்தார். குழிவரைக்கும் தோளை மாற்றவில்லை. உண்மையாகவே அழுதார். கண்ணீர் தாடையில் இறங்கிச் சட்டையில் சொட்டியது. "மனுசன்னா இவருதான்" என்று எனக்குப் பின்னால் ஒரு பெண் சொன்னாள். நான் அங்கே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கொட்டச்சேட்டுக்குப் போனேன். அவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"ஒக்காருங்க கண்ணு. மூச்சு வாங்குது பாருங்க."

"மாத்திரைய விடச் சொன்னீங்களா?"

"சொன்னனுங்க."

"நீங்களும் விட்டுட்டதாச் சொன்னீங்களா?"

"அப்பிடிச் சொன்னாத்தானுங்க நம்புவாங்க."

"எட்டு மணிக்கு நீங்க முளுங்கறத நான் பாத்தனுங்க."

"ஆமாங்க." கொஞ்சமும் திடுக்கிடவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் முன்னே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் விடணும்னுதானுங்க ஆசை. ஆயுசு பூராவும் ஆராலங்க முளுங்க முடியும்? தளையிலயே உடம்பு நின்னுக்குமான்னு பாத்தேன். ஆரோ ஒருத்தருக்கு ரெண்டு வருசம் நின்னிருந்தாக்கூட நானும் விட்டிருப்பனுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டேன்.

"பாக்கியத்த வெச்சுப் பாத்தீங்களா?"

"பாக்கியம் மட்டுமில்லீங்க. நாலு பேரு" என்றார். நான் தப்பாகச் சொன்ன ஒன்றைத் திருத்துகிற குரல். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதுபோல, "உங்களையும் சேத்திருப்பேன். நோட்டு எளுதறவங்க, உங்களுக்கு எதாச்சும் ஆனா விசாரிப்பாங்கன்னு விட்டுட்டனுங்க" என்றார்.

என் உடம்பில் அவர் கொடுத்த உருண்டைகள் எத்தனை போயிருக்கும் என்று தெரியாது. அத்தனையும் அப்போது தொண்டைக்கு வந்தன. அவரை அடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை, தொட வேண்டுமே. மற்ற மூன்று பேர் யார் என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். ஊர், வீட்டுக்கு அடையாளம் எல்லாம் சொன்னார். எழுந்து, அவர் பெருக்கிவைத்திருந்த வாசலில் காறித் துப்பிவிட்டு நடந்தேன். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, நான் துப்பிய இடத்தில் பினாயில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அன்றும் மறுநாளும் அந்த மூன்று வீட்டுக்கும் போனேன். இரண்டு பேர் பயந்துபோய் அப்போதே என்னோடு கிளம்பினார்கள். மூன்றாமவர் கதவைச் சாத்தினார். "ரைட்டரு எங்களுக்குச் சாமி மாதிரி. நீ பொறாமைல பேசற" என்று உள்ளேயிருந்து கத்தினார். அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போக இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் தின்றது, பாக்கியத்திடம் நான் சொன்னது, எண்ணாமல் நோட்டில் குறித்தது. முருகேசன் மட்டும், "நானும்தான் ஊதறேன். மாத்திரைய விடச் சொல்லி எங்கிட்டயும் கேட்டாருங்க. நான் சிரிச்சுட்டு வந்துட்டேன். அப்பவே சொல்லியிருக்கோணும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அமைப்பில் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கோபித்துக்கொள்ளாமல்தான் வாங்கினார்கள். ரைட்டரைப் பற்றிக் கேட்டு ஆட்கள் போனபோது வீடு பூட்டியிருந்தது. கீழே மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள்.

டாக்டரிடமும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வாந்தி வருதுன்னு எங்ககிட்ட ஏம்மா சொல்லல? அதுக்குத் தனியா மாத்திரை இருக்கு. அதுலயும் நிக்கலன்னா வேற மருந்துக்கு மாத்தியிருப்போமே" என்றார். அவ்வளவுதான். சுலபமாகத் தீரக்கூடிய ஒரு வாந்தி. எதைத் தின்றாலும் என்னவோ ஆகிறது என்று டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, சோப்பு டப்பா வைத்திருந்த ஒருவரிடம் சொல்லியிருந்தேன்.

பல வருடம் அவரைப் பார்க்கவில்லை. இப்போது நான் ஏற்காட்டில் ஒரு பாயின் கடையில் மிளகும் தைலமும் விற்கிறேன். மாத்திரையும் மாறிவிட்டது, ஒரு நாளைக்கு ஒன்றுதான், குமட்டலும் இல்லை. சென்ற கோடையில் மாத்திரை வாங்க இறங்கியிருந்தேன். ஆஸ்பத்திரிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு பெண். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. வெள்ளை டப்பாவை முந்தானைக்குள் சுற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

நான் எல்லாம் சொன்ன அந்தப் பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். ஆலோசனை சொல்கிற, புதிதாக வந்த இளம் பெண் ஒருத்தி வந்து, "இன்னிக்கு ஐயா ஒருத்தர் உங்ககிட்ட பேசுவாங்க. இத்தனை வருசத்துல ஒரு வேளைகூட மாத்திரை தவறாதவங்க" என்றாள்.

ரைட்டர் எழுந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. உடம்பு பூரித்திருந்தது. தோலில் ஒரு புள்ளி இல்லை.

"ஆரு என்ன சொன்னாலும் மாத்திரைய மட்டும் விட்றாதீங்க சாமி" என்று தொடங்கினார். அதே குரல். "வேரு, தளை, லேகியம்னு ஆராச்சும் ஊடு தேடி வருவாங்க. நம்பாதீங்க. நான் கண்ணால பாத்திருக்கறனுங்க. நாகலூர்ல ஒரு புள்ள. பாக்கியம்னு பேரு. நொம்ப நல்ல புள்ள. ஆரோ பேச்சக் கேட்டு மாத்திரைய விட்டுப்போட்டா. இந்தத் தோள்லதான் அவளைத் தூக்கிக்கிட்டுப் போனேன்." தோளைத் தொட்டுக் காட்டினார். குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடத்தில் இரண்டு மூன்று பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பேச்சு நின்றது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அக்கா, நீங்களும் எதாவது சொல்றீங்களா?" என்றாள் அந்த இளம் பெண்.

அந்த ஆரோ இவர்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்தவள் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள். சொன்னால் அவள் எதை நம்புவாள்? மாத்திரை சாப்பிடு என்று சொன்னவன் பொய்க்காரன் என்று மட்டும்தான் வீட்டுக்கு எடுத்துப் போவாள். அவர் அங்கே சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதைக் கேட்டு நடந்தால் அவள் கிழவியாகும்வரை இருப்பாள்.

"அவரு சொல்றபடி செய்யுங்க" என்றேன். "மாத்திரைய விடாதீங்க."

உட்கார்ந்தேன். வாயெல்லாம் கசந்தது. ரைட்டர் மெதுவாக என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அந்த இளம் பெண் முதலில் கைதட்டினாள்; பிறகு கூடம் முழுக்கத் தட்டினார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் தட்டினார்கள்.